பல்கலைக்கழக ஆய்வும் தனியார் நிதியும்

2020-21ஆம் ஆண்டில் நம் நாடு ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டிற்கும் செலவிட்ட தொகை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதமாகும். அதில் பெரும்பகுதியை அரசே ஏற்றது. இந்நிலையை மாற்றும் நோக்குடன் 2023இல் நாடாளுமன்றம் அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2023 முதல் 2028 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டது. அதில் மத்திய அரசின் பங்கு 14,000 கோடி ரூபாய். எஞ்சிய 36,000 கோடி ரூபாய் பொதுத்துறை நிறுவனங்கள், தொழில் துறையினர், கொடையாளர் ஆகியோரிடமிருந்து வரும் என எதிர்பார்க்கப்பட்டது. எதிர்பார்ப்பின் பெரும்பாகம் அரசுக்கு வெளியே இருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இதுகாறும் தனியார் நிதியை ஓர் உபரி வரவாகக் கருதி வந்த பல்கலைக்கழகங்கள், அந்நிதி எங்கிருந்து வருகிறது, எந்த நிபந்தனைகளின் பேரில் வருகிறது, எவரை அடையாமல் நின்றுவிடுகிறது என்பவற்றை அறிந்துகொள்வது இன்றியமையாததாகிறது.

தனியார் நிதி என்ற ஒரே பெயரால் நாம் குறிப்பிடுவது உண்மையில் மூவகைப் பணமாகும். முதலாவது, அறக்கட்டளைகள் தம் சாசனத்தில் கண்ட நோக்கத்திற்காக வழங்கும் மானியம். இரண்டாவது, கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பொறுப்பின் கீழ்ச் செலவிட வேண்டிய தொகை. மூன்றாவது, ஒரு கம்பெனி தனக்குத் தேவையான ஆய்வைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்துக் கொடுக்கும் கட்டணம். மூன்றாவதை நன்கொடை என்று கூறுவது பிழை. அது ஒரு வாணிப ஒப்பந்தம். முடிவுகளின் உரிமை எவருக்கு என்பதே அங்கு முதற்கேள்வி. இவ்வேறுபாட்டை உணராமல் ஒரே விண்ணப்பத்தை மூவகையினருக்கும் அனுப்பும் வழக்கம் நம் ஆய்வுத் துறைகளில் இன்னும் மறையவில்லை.

பெங்களூருவில் தொடங்கிய வரலாறு

இத்துறையில் பெங்களூருவின் அனுபவம் நூறாண்டுக்கு மேற்பட்டது. 1898 வாக்கில் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஓர் ஆய்வுப் பல்கலைக்கழகத்திற்காகத் தம் சொத்தில் ஏறத்தாழப் பாதியை அளிக்க முன்வந்தார். பம்பாயிலிருந்த அக்கட்டடங்கள், நிலங்கள் ஆகியவற்றின் மதிப்பு 30 லட்சம் ரூபாய். அவற்றிலிருந்து ஆண்டு வருவாயாக ஒன்றேகால் லட்சம் ரூபாய் கிடைக்கும் எனக் கணக்கிடப்பட்டது. மைசூர் சமஸ்தானம் 371 ஏக்கர் நிலத்தையும், கட்டுமானத்திற்காக 5 லட்சம் ரூபாயையும், ஆண்டுதோறும் 50,000 ரூபாயையும் வழங்கியது. 1909 மே 27ஆம் நாள் இந்திய அரசின் ஆணையால் இந்திய அறிவியல் கழகம் சட்டவடிவம் பெற்றது. கொடையாளர் 1904இலேயே மறைந்துவிட்டார். கழகத்திற்குத் தம் பெயரைச் சூட்ட அவர் விரும்பவில்லை. ஆயினும் நகரப் பேருந்து நடத்துநர்கள் அவ்விடத்தை டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றே அழைத்து வந்துள்ளனர். அரசாணையால் மாற்ற முடியாத பெயர்கள் சில உண்டு.

இக்கொடையில் பொருளியல் நோக்கில் கவனிக்கத்தக்கது அதன் அமைப்பு. டாட்டா ஒரு திட்டத்திற்கு நிதி தரவில்லை. நிலையான மூலதனத்தை அளித்து, அதன் வருவாயிலிருந்து எவ்வாய்வை நடத்துவது என்பதைக் கழகத்திடமே விட்டார். பின்வந்த நிகழ்ச்சி வேறு வகையைச் சேர்ந்தது. ஹோமி பாபா பெங்களூருவில் பணியாற்றியபோது அவருடைய அண்டக்கதிர் ஆய்வுப் பிரிவுக்கு சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளை மானியம் வழங்கியது. 1944 மார்ச்சில் அவர் அதே அறக்கட்டளைக்கு எழுதிய கடிதத்தின் விளைவாக, 1945 ஜூன் 1 அன்று டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் அறிவியல் கழக வளாகத்திலேயே தொடங்கப்பெற்று, அவ்வாண்டின் இறுதியில் பம்பாய்க்கு மாறியது. காலப்போக்கில் அதன் செலவில் மிகப் பெரும் பகுதியை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. அறக்கட்டளைப் பணம் விதையாகப் பயன்பட்டது. நீர் பாய்ச்சும் பொறுப்பு அரசின் மீது விழுந்தது. இன்று மானியம் கேட்போர், மூன்றாண்டு முடிந்தபின் ஊதியம் கொடுப்பவர் யார் என்ற கேள்விக்கும் விண்ணப்பத்திலேயே விடை எழுதுவது நலம்.

அண்மைக் காலத்திலும் பெருங்கொடைகள் இந்நகரில் உண்டு. 2014இல் பிரதீக்ஷா அறக்கட்டளை அறிவியல் கழக வளாகத்தில் மூளை ஆய்வு மையம் அமைக்க 225 கோடி ரூபாய் அளிக்க உறுதியளித்தது. 2022இல் சுஸ்மிதா - சுப்ரதோ பாக்சி, ராதா - பார்த்தசாரதி என்னும் இரு தம்பதியர் அக்கழகத்தின் மருத்துவக் கல்வி, மருத்துவமனைத் திட்டத்திற்கு 425 கோடி ரூபாய் அறிவித்தனர். பாராட்டத்தக்கவையே. ஆனால் இவை அனைத்தும் ஒரே வளாகத்தை நோக்கிச் சென்றன. அதே நகரிலுள்ள மாநிலப் பல்கலைக்கழகத் துறைகள் இவ்வகைக் கொடைகளைக் கண்டதில்லை என்றே கூறலாம்.

ஒரு பேட்டை, மூன்று கேள்விகள்

இனி, நடைமுறைக்கு வருவோம். அல்சூர் ஏரியை அடுத்த மர்பி டவுனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மர்பி என்ற பொறியாளரின் பெயரைத் தாங்கிய இக்குடியிருப்பு, 1947 வரை ஆங்கிலேயர் ஆளுகையிலிருந்த தண்டுப் பகுதியைச் சேர்ந்தது. தமிழ் பேசும் உழைக்கும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கு வாழ்கின்றன. 1898இல் பெங்களூருவைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின், நகரில் திட்டமிட்ட குடியிருப்புகள் பல அமைந்தன. ஆகவே, வீட்டுவசதியும் சுகாதாரமும் குடிபெயர்வும் ஒருங்கே பயில ஏற்ற களம் இது. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வாளர் மூவர் இங்கு ஆய்வு செய்ய விரும்புவதாகக் கொள்வோம்.

முதலாமவர் குடிநீரின் தரத்தையும் குழந்தைகள் நலத்தையும் ஆராய்பவர். இவருக்கு வழி எளிது. பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2008இல் சேர்ந்து அமைத்த இந்தியக் கூட்டமைப்பு, உயிரி மருத்துவத்திற்கும் பொதுச் சுகாதாரத்திற்கும் ஆய்வு நல்கைகள் வழங்கி வந்துள்ளது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கும் இவர் உரியவர். காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

இரண்டாமவர் அங்குள்ள தமிழர்களின் பாட்டு, நாடகம், திருவிழா ஆகியவற்றை ஆவணப்படுத்த விரும்புகிறார். 1993இல் பெங்களூருவில் நிறுவப்பெற்று 1995 முதல் நல்கைகள் வழங்கிவரும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் இவருக்கு ஏற்றது. அதற்கு இந்திய மொழிகளிலேயே விண்ணப்பிக்க இயலும் என்பது, ஆங்கிலத்தில் எழுதத் தயங்கித் தம் ஆய்வையே கைவிடும் ஆசிரியர்கள் அறிய வேண்டிய செய்தி.

மூன்றாமவர் வரலாற்றாசிரியர். அவர் நிலையே கடினமானது. பெங்களூருவில் 2004இல் தொடங்கப்பெற்ற நியூ இந்தியா ஃபவுண்டேஷன் வரலாற்று நூல் எழுத நல்கை தருகிறது. ஆயினும் அதன் நோக்கம் சுதந்திர இந்தியாவின் வரலாறு. 1947க்குப் பிந்திய மர்பி டவுன் அதற்குள் அடங்கும். பிளேக் காலமும் தண்டு நிர்வாகமும் அடங்கா. முற்பகுதிக்கு அவர் 1969இல் அமைந்த இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் குழுவையோ, 1972இல் அமைந்த இந்திய வரலாற்று ஆய்வுக் குழுவையோ அணுகலாம். இரண்டும் அரசு நிதியால் இயங்குபவை. ஒரே பேட்டையின் ஒரே வரலாறு, கொடையாளரின் சாசனத்தால் இரு துண்டாகிறது.

ஏழாம் அட்டவணை கூறுவது என்ன?

மூன்றாமவர் ஏன் கம்பெனிகளிடம் செல்லவில்லை? 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் விடை இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர இலாபம் 5 கோடி ரூபாய் என்னும் மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்திய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் எனச் சட்டம் இயற்றப்பட்டபோது வகுக்கப்பட்டது. எப்பணிகள் என்பதை ஏழாம் அட்டவணை கூறுகிறது. அட்டவணையின் ஒன்பதாம் இனம் தொடக்கத்தில் கல்வி நிலையங்களிலுள்ள தொழில்நுட்ப வளர்ப்பு மையங்களை மட்டுமே குறித்தது. 2019 அக்டோபரிலும் 2020 ஆகஸ்டிலும் செய்த திருத்தங்களால் அரசு நிதியில் இயங்கும் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.கள், தேசிய ஆய்வுக்கூடங்கள் முதலியன சேர்க்கப்பட்டன. ஆனால் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம் ஆகியவற்றில் நடைபெறும் ஆய்வு என்ற வரையறை அதில் உண்டு. வரலாறும் சமூகவியலும் மொழியியலும் அவ்விடத்தில் இல்லை.

தேசியப் பாரம்பரியம், கலை, பண்பாடு, பொது நூலகங்கள் என ஐந்தாம் இனம் ஒன்றிருக்கிறது; கல்வி வளர்ச்சி, குடிசைப் பகுதி மேம்பாடு ஆகியனவும் தனித்தனியே உள்ளன. நம் வரலாற்றாசிரியர் தம் ஆய்வின் ஒரு பகுதியை, அதாவது பழைய ஆவணங்களைப் படியெடுத்துப் பேட்டையிலேயே ஒரு நூலகத்தில் வைக்கும் பணியை, ஐந்தாம் இனத்தின் கீழ் நேர்மையாகவே கேட்கலாம். ஆய்வு முழுவதையும் மேம்பாட்டுத் திட்டம்போல் வேடமிட்டுக் கேட்பது வேறு. அவ்வாறு பெற்ற பணத்திற்குப் பயனாளிகளின் எண்ணிக்கையைக் காலாண்டுதோறும் அறிக்கையாகத் தர வேண்டிவரும். வரலாற்றாய்வுக்குப் பயனாளிப் பட்டியல் எங்கிருந்து வரும்?

பல்கலைக்கழகப் பதிவாளர்கள் அறிய வேண்டிய விதிகள் வேறு சில உண்டு. நாடாளுமன்றத்தின் அல்லது மாநிலச் சட்டமன்றத்தின் சட்டத்தால் அமைந்த நிறுவனம், கம்பெனியின் திட்டத்தை நேரடியாக நிறைவேற்றத் தகுதியுடையது. எனவே மாநிலப் பல்கலைக்கழகத்திற்கு இடைத்தரகு அமைப்பு எதுவும் தேவையில்லை. 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பதிவை மட்டும் செய்துகொள்ள வேண்டும். பல ஆண்டுத் திட்டமெனில், தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்றாண்டுகளுக்கு மேற்படலாகாது. முனைவர் பட்ட மாணவரை இப்பணத்தில் அமர்த்தும் பேராசிரியர், நான்காம் ஐந்தாம் ஆண்டு உதவித்தொகையை வேறெங்கோ தேட வேண்டும் என்பது இதன் பொருள். நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டலாகாது என்ற விதி கம்பெனியின் சொந்த நிர்வாகத்திற்கே உரியது. குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்கவும் நடத்தவும் மதிப்பிடவும் நேரடியாக ஆகும் செலவு அவ்வரம்பிற்குள் வாராது. இது அறியாமல் களப்பணியாளர் ஊதியத்தைக்கூட வெட்டிக்கொள்ளும் துறைகள் உண்டு.

கம்பெனி தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. இது கட்டாயமன்று என அரசு விளக்கியுள்ளது. ஆயினும் நடைமுறையில் மர்பி டவுனுக்கு இது சாதகம். கம்பெனிகளே இல்லாத மாவட்டத்துப் பல்கலைக்கழகத்திற்குப் பாதகம். சந்தையின் போக்கில் விட்டால் ஆய்வு நிதி, ஆய்வு ஏற்கனவே செழித்த இடத்திலேயே சேரும். அனுசந்தான் அறக்கட்டளைக்கு வரும் தனியார் பங்கையேனும் பொதுத் தொகுப்பில் சேர்த்து மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் பிரித்தளிக்கும் முறை வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மனிதநேயப் பாடங்களும் சமூக அறிவியலும் அதன் வரம்பிற்குள் வருகின்றன. அறிவியல் தொழில்நுட்பத்தோடு சந்திக்கும் எல்லையில் மட்டுமே வருகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வெளிநாட்டு நிதியும் வரிகளும்

வெளிநாட்டு அறக்கட்டளை நிதிக்கு 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தும். 2020இல் செய்த திருத்தத்தால் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. பெற்ற பணத்தை மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தருவதும் தடுக்கப்பட்டது. முன்னர் ஒரு தொண்டு நிறுவனம் மானியத்தைப் பெற்று, உடன் ஆய்வு செய்யும் கல்லூரிக்குப் பகிர்ந்தளிக்க முடிந்தது. இனி ஒவ்வொரு பங்காளியும் கொடையாளரிடம் தனித்தனியே உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். சட்டத்தால் அமைக்கப்பெற்று, இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் தணிக்கைக்குக் கட்டாயமாக உட்பட்ட அமைப்புகளுக்கு இச்சட்டத்திலிருந்து விலக்களிக்கப்பட்டது. தம் நிறுவனம் எவ்வகைத் தணிக்கைக்கு உட்பட்டது என்பதை ஆய்வாளர் நிதி அலுவலரிடம் முதலிலேயே கேட்டறிவது பல மாத அலைச்சலைத் தவிர்க்கும்.

ஆய்வு மானியத்திற்குச் சரக்கு சேவை வரி உண்டா என்ற ஐயம் 2024இல் பெரிதாக எழுந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கூடிய வரிக் குழுவின் பரிந்துரைப்படி, அக்டோபர் 10 முதல் அரசு அமைப்புகளுக்கும், வருமான வரிச் சட்டத்தின் 35ஆம் பிரிவில் அறிவிக்கை பெற்ற பல்கலைக்கழகங்கள், கல்லூரிகள் முதலியவற்றிற்கும், மானியத்தின் வழி நடைபெறும் ஆய்வுப் பணிகளுக்கு விலக்கு கிடைத்தது. அம்மானியம் தனியாரிடமிருந்து வந்தாலும் விலக்கு உண்டு. அதே 35ஆம் பிரிவின் கீழ், ஆய்வுக்கு நன்கொடை தருவோர் ஒருகாலத்தில் கொடுத்த தொகையின் 175 சதவீதத்தை வருமானத்தில் கழித்துக்கொள்ள முடிந்தது. அது 2017இல் 150 ஆகவும், 2020இல் 100 ஆகவும் குறைந்தது. தனியார் பங்கை உயர்த்த விழையும் நாட்டில் இச்சலுகை சுருங்கியது முரணாகத் தோன்றலாம். ஆயினும் சலுகைக்காகவே காட்டப்பட்ட பொய்யான நன்கொடைகள் வரித் துறையினர் அறியாதவை அல்ல.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன்

வரவு செலவுத் திட்டத்தில் நம் ஆய்வாளர்கள் கருவிகளைத் தாராளமாகவும் மனிதர்களைக் கஞ்சத்தனமாகவும் எழுதுகின்றனர். மர்பி டவுன் ஆய்வுக்குக் கருவி ஓர் ஒலிப்பதிவுப் பெட்டியும் ஒரு படியெடுப்பானும் போதும். செலவு தமிழும் கன்னடமும் தக்கனி உருதுவும் அறிந்த களப்பணியாளருக்கும், பதிவுகளை எழுத்தில் பெயர்ப்போருக்கும், பெங்களூரு மாநில ஆவணக் காப்பகத்திலும் புதுடெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் கழிக்கும் வாரங்களுக்குமே ஆகும். மூதாட்டி ஒருவர் அரைநாள் வேலையை விட்டு நேர்காணலுக்கு அமர்ந்தால் அக்கூலியை ஈடுசெய்யவும் ஓர் இனம் இருக்க வேண்டும்.

முடிவுகளை வெளியிடுமுன் கொடையாளர் பார்வையிடலாம் என்ற விதி இருப்பின் அதற்கு நாள் வரம்பு கேட்க வேண்டும். 30 நாள் என்பது ஏற்கத்தக்கது, ‘இசைவு பெற்ற பின்னரே’ என்பது ஏற்கத்தகாதது. பதிவுகளும் தரவுகளும் திட்டம் முடிந்தபின் எங்கே இருக்கும், பேட்டை மக்களின் பிள்ளைகள் அவற்றைக் கேட்க வந்தால் எவர் எடுத்துத் தருவார் என்பதும் எழுத்தில் வர வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பின் இவ்வாசகங்களைச் சேர்க்கக் கொடையாளரும் பல்கலைக்கழகமும் மீண்டும் உடன்பட வேண்டியிருக்கும். அதற்குள் களப்பணிக்காலம் கழிந்துவிடும்.