தழும்பை மறைக்காத பை

அன்புள்ள அம்முவுக்கு,

பரம்பரைத் தொழில் ஒன்றை எடுத்துப் புதுவிதமாக நடத்தப்போவதாகவும், முதலில் ஒரு ஆப் செய்யப்போவதாகவும் எழுதியிருந்தாய். ஆப் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது கடை மட்டும்தான். பழைய தொழிலை நிஜமாகவே மாற்றியவர்கள் கடைக்கு வெகு முன்னால், வேறெங்கோ கை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்க நீ பெங்களூர் போகவேண்டியதில்லை. நம்ம புதுச்சேரியில் தோல் பை செய்யும் ஹைடிசைன் நிறுவனத்தைப் பார்.

அதைத் தொடங்கிய திலீப் கபூர் இங்கே அரவிந்தர் ஆசிரமப் பள்ளியில் படித்தவர். அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கியது சர்வதேச உறவுகளில். தோல் வேலை அங்கே ஒரு நிறுவனத்தில் கைக்கு வந்தது. திரும்பி வந்து 1978-இல் ஆரோவில்லில் இரண்டு பேர் பட்டறையாக ஆரம்பித்தார்.

அப்போது தமிழ்நாட்டுத் தோல் தொழில் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் செய்தது புரியும். ஆவாரம்பட்டை, கடுக்காய் ஊறிய தண்ணீரில் வாரக்கணக்கில் போட்டுப் பதனிடுவது நம் பழைய முறை. ஈஸ்ட் இந்தியா லெதர் என்ற பெயரில் அந்தத் தோல் சென்னையிலிருந்து லண்டனுக்குப் போயிற்று. 1970-களில் அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, பொருளாகச் செய்து அனுப்பச் சொன்னது. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் அதற்கு மாறின. குரோமியத்தில் போட்டால் ஒரு நாளில் முடியும் வேலைக்கு யார் மாதம் காத்திருப்பார்கள்? பாலாற்றுக்கு என்ன ஆயிற்று என்பதை 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் படித்தால் தெரியும். இத்தனைக்கும் பிறகு ஷூவின் மேல் இருந்தது பெரும்பாலும் வெளிநாட்டுக்காரன் பெயர்.

கபூர் மரப்பட்டைக்கே போனார். அதைவிட முக்கியம், மேலே பெயின்ட் பூசவில்லை. மாட்டுத் தோலில் முள் கீறல் இருக்கும், பூச்சிக் கடி இருக்கும். சாதாரணமாக அதைத் தேய்த்துச் சமன் செய்து, கெட்டியாக நிறம் அடித்து, எல்லாப் பையையும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆக்கிவிடுவார்கள். மட்டத் தோலும் அதில் ஒளிந்துகொள்ளும். பூசாவிட்டால் ஒளிக்க முடியாது. நல்ல தோலாகப் பொறுக்கவேண்டும், நிறைய கழித்துப்போடவேண்டும், விலை ஏறும். அந்த விலையைக் கொடுக்க வைத்ததுதான் அவர் சாமர்த்தியம். கீறல் தெரிவதையே அசல் தோலுக்கு அத்தாட்சியாக வாங்குகிறவனை ஏற்கவைத்தார்.

யாரிடம் முதலில் விற்றார் என்பதையும் கவனி. லண்டனிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் மாற்று வாழ்க்கை பேசிக்கொண்டிருந்தவர்களின் சின்னக் கடைகள். 1992-இல் பிரிட்டனில் ஒரு பைக்கு விருது கிடைத்தது. இந்தியாவில் கடை விரித்ததோ, தொழில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்துத்தான். பின்னால் லூயி வித்தோன் குழுமமே பங்கு வாங்கியது. எல்லா ஊரிலும் பையின் மேல் இருந்தது அவர்கள் சொந்தப் பெயர்.

பட்டை என்றதும் மாசே கிடையாது என்று நம்பிவிடாதே. பட்டைக் கழிவுநீரையும் சுத்திகரிக்காமல் விட்டால் கெடுதல்தான். பச்சைத் தோலைப் பாதுகாக்கப் போடும் உப்பும் எங்கேயோ போய்த்தான் சேரும். குரோமியம் இல்லை, அவ்வளவே. தைக்கிறவர் தன் சம்பளத்தில் அந்தப் பையை வாங்க முடியுமா என்ற கேள்வியையும் நீ கேட்கத்தான் வேண்டும்.

சொந்தப் பெயர் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் நம்ம ஊர்ச் சரித்திரம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே நெய்து நீலச் சாயம் ஏற்றிய கினே துணி, ஆப்பிரிக்காவின் செனகலில் கோந்து வியாபாரத்தில் பணமாகவே புழங்கியது. யோசித்துப் பார், நம் நெசவு இன்னொரு நாட்டில் நாணயம்! ஆனால் வியாபாரம் போர்தோ நகரத்து வணிகர்கள் கையில். அந்தத் துணியை நம்பி வந்த மில்கள் பிறகு என்னென்னவோ பார்த்தன. கடைசியில் ஏ.எஃப்.டி. மில்லும் 2020-இல் மூடப்பட்டது.

தவளக்குப்பத்து அரவிந்த் கண் மருத்துவமனை வேறு கதை. அங்கே மாறியது யார் பணம் கட்டுவது என்பது. கட்டணமா இலவசமா என்று நோயாளியே தேர்ந்தெடுக்கலாம். கட்டுகிறவர்கள் பணத்தில் மற்றவர்களுக்கும் சிகிச்சை நடக்கிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியாகி யானை விலை விற்றதால், 1992-இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி மதுரையிலேயே செய்து விலையைத் தரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த லென்ஸ் இல்லாவிட்டால் இந்தக் கணக்கு நின்றிருக்காது. மடம் நடத்துகிற தயவு என்று இதை நினைக்காதே. வரவு செலவு பார்த்து நடக்கிற காரியம்.

உன் மனதில் வில்லியனூர் சுடுமண் வேலை இருக்கிறது என்று அம்மா சொன்னாள். புவிசார் குறியீடு ஏற்கெனவே வாங்கிய கைத்தொழில் அது. அங்கே போய் நாலு நாள் சூளை பக்கத்தில் உட்கார். மண்ணுக்கு முன்பணம் யார் தருகிறார்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் சூளை எரியாதபோது வீடு எப்படி ஓடுகிறது, வழியில் உடைகிற பொம்மையின் நஷ்டம் செய்தவர் தலையிலா விற்றவர் தலையிலா என்று கேள். உடைகிறதை நீ ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் விலை எவ்வளவு ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா