நெய்யாத துணி தரும் குளம்புக் காளான்

நூலும் தறியும் இன்றித் துணி உண்டாகுமா என்று நெசவாளர் ஒருவரைக் கேட்டால், கம்பளியைத் தட்டி அழுத்திச் செய்யும் காஷ்மீரத்து நம்தா விரிப்பை அவர் எடுத்துக் காட்டக்கூடும். ருமேனியா நாட்டின் திரான்சில்வேனியாப் பகுதியிலோ, கொரொந்து என்னும் ஊரில் சில குடும்பத்தார் மரத்தில் வளரும் காட்டுக் காளானிலிருந்தே தொப்பியும் பையும் செய்து விற்கின்றனர். அவை தொடுவதற்கு மான் தோல் போன்று மிருதுவாக இருக்கும். இத்தொழிலில் முதற்பாடம் காளானை இனங்காண்பதே. வேறொன்றைப் பறித்து வந்தால் துணி கிடையாது. நாள் முழுதும் காட்டில் அலைந்த உழைப்பும் வீணாகும்.

இக்காளானின் விஞ்ஞானப் பெயர் போமெஸ் போமென்டாரியஸ். குதிரைக் குளம்பை மரத்தில் ஒட்டி வைத்தாற்போன்ற வடிவம் உடையதாதலால் குளம்புக் காளான் என்று அழைப்போம். நார்வே, சுவீடன், பின்லாந்து, ருஷ்யா, ஸ்காத்லாந்து ஆகிய குளிர்நாட்டுக் காடுகளில் இது பெரும்பாலும் பிர்ச் மரத்தில் வளர்கிறது. பண்டைய ஏடுகள் எழுதப்பட்ட மரப்பட்டையைத் தந்த இமயமலைப் பூர்ஜ மரம் இந்தப் பிர்ச்சின் இனத்ததே. ஐரோப்பாவின் நடுப்பகுதிக்கு வந்தால், பீச் மரமே இதற்கு முக்கிய இருப்பிடம். ஆகவே காளானைத் தேடுவோர் முதலில் மரத்தை அறிதல் வேண்டும்.

ஒடிந்த கிளை, பட்டையில் ஏற்பட்ட காயம் ஆகியவற்றின் வழியாக இது மரத்தினுள் புகுகிறது. உள்ளே பல்லாண்டுகள் வெளித்தெரியாமல் இருந்து, மரம் தளர்ந்த பின்னரே குளம்பாக வெளிப்படுகிறது. இது தின்ற கட்டை வெளிறி, கனம் குறைந்து, மெத்தென்றாகிவிடும். பெருங்காற்றில் அம்மரம் நடுவில் முறிந்து விழுவதுண்டு.

குளம்பின் மேற்புறம் சாம்பல் நிறமான கடினமான ஓடு. அதில் கிடையாக வரம்புகள் பல காணப்படும். அவற்றை எண்ணி வயதைத் திட்டமாகக் கூற இயலாது. ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்குகளும் உண்டாகலாம். அடிப்புறத்தில் ஊசி முனையளவு துளைகள் நெருங்கியிருக்கும். வெட்டிப் பார்த்தால் ஓட்டின் கீழே பழுப்பு நிறமான, தக்கை போன்ற சதையும், அதன் கீழே குழாய் அடுக்குகளும் தெரியும். அந்தச் சதைப் பகுதி ஒன்றே துணியாகும். மற்றோர் அடையாளமும் உண்டு. துளைகள் எப்பொழுதும் தரையை நோக்கியே அமையும். மரம் சாய்ந்தபின் தோன்றும் குளம்புகள் திசை மாறி வளர்வதால், மரம் நின்றபோது வளர்ந்தது எது, விழுந்தபின் வளர்ந்தது எது என்பதை ஒரே கட்டையில் காணலாம்.

இனி, ஏமாற்றும் காளான்கள். செவ்வரம்புக் காளான் எனத்தக்க ஒன்று பெரும்பாலும் ஊசியிலை மரங்களில் வளரும். ஆயினும் பிர்ச் மரத்திலும் காணப்படுவதால் மரத்தை மட்டும் நம்பலாகாது. தீக்குச்சியின் சுடரை ஓட்டின்மீது காட்டினால், செவ்வரம்புக் காளானின் ஓடு மெழுகுபோல் உருகிக் குமிழியிடும். குளம்புக் காளானின் ஓடு உருகாது, கருகும். வில்லோ மரத்தில் மிகுதியாக வளரும் மற்றொன்று கருமை படர்ந்து வெடித்திருக்கும். அதன் சதை கட்டை போலவே இறுகியது, எவ்வளவு தட்டினாலும் மிருதுவாகாது.

சரியான காளான் கிடைத்தபின் ஓட்டையும் குழாய்களையும் சீவி நீக்கி, சதையை ஏடுகளாக அறுத்து, கையால் சிறிது சிறிதாக இழுத்து விரிக்கின்றனர். இதில் அவசரம் உதவாது. இழுப்பு ஒருபக்கம் மிகுந்தால் ஏடு கிழியும்.

முற்காலத்தில் இதன் பெரும்பயன் நெருப்பு மூட்டுவது. நம் முன்னோர் சக்கிமுக்கிக் கல்லின் பொறியைப் பஞ்சில் ஏந்தியதுபோல, ஐரோப்பியர் இக்காளான் சதையை வெடியுப்பு நீரில் ஊறவைத்து உலர்த்தி வைத்திருந்தனர். 1991-ஆம் ஆண்டு ஆல்ப்ஸ் மலையில், ஆஸ்திரியா இத்தாலி எல்லையருகே, பனியில் உறைந்து கிடைத்த மனிதன் சுமார் 5300 ஆண்டுகளுக்கு முற்பட்டவன். அவன் இடுப்புப் பையிலும் இக்காளான் இருந்தது. 1827-இல் இங்கிலாந்தில் உரசித் தீப்பற்றும் குச்சி விற்பனைக்கு வந்தது. அத்தகைய குச்சிகள் பரவவே, பழைய வாணிபம் படிப்படியாக மறைந்தது. கொரொந்து ஊரார் தொப்பி செய்வதனால்தான் சதையைப் பதப்படுத்தும் கைத்திறன் அங்கு எஞ்சியிருக்கிறது.

பின்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் 2023-இல் இக்காளானின் ஓடு, சதை, குழாய் மூன்றையும் ஆராய்ந்து வெளியிட்டனர். ஒரே வகை நுண்ணிழைகள் அமையும் முறையில் வேறுபட்டு, ஓரிடத்தில் கெட்டியாகவும் மற்றோரிடத்தில் மிருதுவாகவும் விளங்குகின்றன என்பது அவர்கள் கண்டது. ஒரே பருத்தியிலிருந்து ஜமக்காளமும் மல்லும் நெய்பவர்க்கு இது வியப்பளிக்காது.

மரவியாபாரத்திற்காகப் பேணப்படும் காடுகளில் முதிர்ந்த மரங்களையும் நோயுற்ற மரங்களையும் வெட்டி அகற்றுவது வழக்கம். அவ்வாறு செய்யுமிடத்தில் குளம்புக் காளான் அரிதாகிவிடும். இதன் பழைய குளம்புகளுக்குள்ளேயே முட்டையிட்டு வளரும் கருவண்டு இனமும் ஒன்றுண்டு. அதற்கும் வேறு புகலிடம் சொற்பமே. ஆதலால் இன்று ஐரோப்பாவின் பாதுகாக்கப்பட்ட காடுகள் பலவற்றில் பட்ட மரத்தை நின்றபடியே விட்டுவிடுகின்றனர். அது விழுந்த பின்னும் காளான் சில ஆண்டுகள் அதில் வளர்கிறது.