சிறு வாகன விபத்து: அறிவிப்பதா, விடுவதா?

குடும்பப் பாடம் - பெற்றோரும் வாகனம் ஓட்டப் பழகும் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பதற்கு

பெரியபுராணத்தின் தொடக்கத்திலே மனுநீதிச் சோழன் வரலாறு வருகிறது. திருவாரூர் வீதியில் இளவரசன் சென்ற தேரின் சக்கரத்தில் ஒரு பசுக்கன்று அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் இருந்த மணியை அடித்தது. அரசன் நீதி வழங்கினான். இவ்வளவும் நம் பிள்ளைகள் அறிந்த கதை.

இக்கதையில் நாம் அதிகம் கவனியாத ஓர் இடம் உண்டு. கன்று இறந்ததும் இளவரசன் அலட்சியமாகப் போய்விடவில்லை. நடுங்கினான், நிலத்தில் விழுந்து வருந்தினான். பின்னர், தந்தையின் காதுக்கு எட்டுமுன் அந்தணரிடம் பரிகாரம் கேட்டுச் செய்து முடித்துவிடலாம் என்று புறப்பட்டான். அவன் தீயவனல்லன், பயந்தவன். அவன் பரிகாரம் தேடிப் போன நேரத்தில் செய்தியை அரசனிடம் கொண்டு சென்றது பசு.

இன்று நாம் ஒன்ராறியோ மாகாணத்தில் கார் ஓட்டுகிறோம். சிக்னலில் நின்ற வாகனத்தின் பின்புறத்தில் மெல்ல இடித்துவிட்டால் நமக்கும் முதலில் தோன்றுவது அதே எண்ணந்தான்: யாருக்கும் தெரியுமுன் முடித்துவிடலாம். இது சரியா என்பதே இம்முறைப் பாடம்.

1. "அறிவிப்பது" என்றால் யாருக்கு?

பலர் இதனை ஒரே கேள்வியாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இவை மூன்று கேள்விகள். எதிரே நிற்பவருக்கு என் விபரங்களைக் கொடுப்பதா? பொலிஸாருக்குச் சொல்வதா? காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்வதா? ஒவ்வொன்றுக்கும் விடை வேறு.

முதற் கேள்வியில் நமக்குத் தெரிவு கிடையாது. ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி விபத்தில் சம்பந்தப்பட்ட சாரதி அவ்விடத்திலேயே நிற்கவேண்டும்; இயன்ற உதவி செய்யவேண்டும்; கேட்டால் பெயர், விலாசம், சாரதி அனுமதிப்பத்திர இலக்கம், காப்புறுதி விபரம், வாகனச் சொந்தக்காரரின் பெயர், விலாசம் ஆகியவற்றை எழுத்தில் கொடுக்கவேண்டும். நில்லாமல் போனால் 7 டிமெரிட் புள்ளிகள். 400 முதல் 2,000 டொலர் வரை தண்டப்பணம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. பம்பரில் விழுந்த சிறு கீறலை இவ்வளவு பெரிய குற்றமாக மாற்றுவது, பயத்தில் எடுத்த ஓட்டமே.

வீதியோரம் நிறுத்தியிருந்த, ஆளில்லாத காரை இடித்தாலும் இப்படித்தான். சொந்தக்காரரைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிக் கண்ணாடித் துடைப்பானின் கீழ் வைத்துவிட்டு, பொலிஸாரிடமும் சொல்லி வையுங்கள்.

2. பொலிஸாருக்கு எப்போது?

யாருக்காவது காயம் என்றால் கட்டாயம் அறிவிக்கவேண்டும். காயம் இல்லாமல் பொருட்சேதம் மட்டும் என்றால் ஒரு தொகை எல்லை உண்டு. நெடுங்காலம் 2,000 டொலராக இருந்த இவ்வெல்லை 2025 ஜனவரி 1 முதல் 5,000 டொலராக உயர்த்தப்பட்டது. மொத்தச் சேதம் அதற்கு மேற்பட்டதாகத் தோன்றினால் தாமதமின்றி அறிவிக்கவேண்டும். ரொறன்ரோ போன்ற நகரங்களில் இதற்கென மோதல் அறிவிப்பு நிலையங்கள் உள்ளன. காரை ஓட்டக்கூடிய நிலையில் இருந்தால் அங்கே கொண்டு சென்று பதியலாம்.

இடித்தது காரை இல்லாமல் வீதியோர மரம், கம்பம், விளக்கு, அறிவிப்புப் பலகை, வீதியை ஒட்டிய வேலி என்பவற்றில் ஒன்றாக இருந்தால், சேதம் சிறிதாயினும் அதனை அறிவிக்க வேண்டுமெனச் சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. எதிர்ச் சாரதி குடித்திருப்பதாகச் சந்தேகம், அவர் தப்பி ஓடுதல், மிரட்டுதல் போன்றவற்றில் தொகையைப் பற்றி யோசிக்காமல் 911ஐ அழையுங்கள். அறிவிக்கவேண்டிய விபத்தை அறிவிக்காமல் விட்டால் 3 டிமெரிட் புள்ளிகள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இன்றைய கார்களில் பம்பருக்குள்ளே உணரிகளும் கமெராவும் பொருத்தப்பட்டிருக்கின்றன. வெளியே பிளாஸ்டிக்கில் சிறு வெடிப்பாகத் தெரிவது, கராஜில் கழற்றிப் பார்த்தபின் பல ஆயிரம் டொலராக வரக்கூடும். ஆகவே "ஐந்நூறு டொலர் வேலை" என்று வீதியில் நின்று கண்ணால் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

3. காப்புறுதி நிறுவனத்துக்கு எப்போது?

பொலிஸாருக்கு அறிவிக்கவேண்டிய எந்த விபத்தையும், நீங்கள் நட்டஈடு கேட்க எண்ணும் எந்த விபத்தையும் 7 நாட்களுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லவேண்டும் என்பது ஒன்ராறியோவின் பொதுக் காப்புறுதி ஒப்பந்தத்தில் உள்ள நிபந்தனை. சொல்வது வேறு, பணம் கேட்பது வேறு என்பதை மறக்கவேண்டாம். செய்தியைச் சொல்லிவிட்டுத் திருத்தச் செலவைத் தாமே ஏற்பவர்களும் உண்டு.

"சொன்னால் கட்டணம் ஏறிவிடுமே" என்பதே நம்மவரின் பெரிய பயம். இதில் மூன்று விடயங்களை அறிந்து வைத்தல் நல்லது.

முதலாவது, உங்கள்மேல் பிழை இல்லாத விபத்துக்காகக் கட்டணத்தை உயர்த்த நிறுவனத்துக்கு அனுமதி இல்லை.

இரண்டாவது, பிழை உங்களுடையதேயானாலும் 2016 ஜூன் 1 முதல் ஒரு சலுகை உண்டு. யாருக்கும் காயமில்லை, எந்தக் காப்புறுதி நிறுவனமும் பணம் கொடுக்கவில்லை, ஒவ்வொரு காரின் சேதமும் 2,000 டொலருக்குக் குறைவு, அதனைப் பிழை விட்டவரே செலுத்திவிட்டார் என்றால், அவ்விபத்தைக் காரணம் காட்டிக் கட்டணத்தை உயர்த்தக்கூடாது. மூன்று ஆண்டுகளில் ஒரு விபத்துக்கு மட்டுமே இது பொருந்தும்.

மூன்றாவது, பிழை யாருடையது என்பதை எதிரே நின்று சத்தம் போடுபவர் தீர்மானிப்பதில்லை. அதற்கென ஒழுங்குவிதிகள் உள்ளன. பின்னாலிருந்து இடித்தவர்மேல் 100 வீதம் பிழை. பின்னோக்கி எடுத்தபோது இடித்தவருக்கும், கார்க் கதவைத் திறந்து மற்றக் காரில் மோதவிட்டவருக்கும் அவ்வாறே. பனி, மழை, வழுக்கல் ஆகியவற்றை இவ்விதிகள் கணக்கில் எடுப்பதில்லை.

4. மூன்று உதாரணங்கள் (பாடத்துக்காக அமைத்தவை)

(அ) பனிக்காலம். ஸ்காபரோவில் ஒரு சந்தி. உங்கள் கார் நிற்கிறது. பின்னால் வந்தவர் மெல்ல இடித்துவிட்டார். இறங்கி வந்து முந்நூறு டொலர் தாளை நீட்டி, "இத்துடன் முடிப்போம், காப்புறுதி வேண்டாம்" என்கிறார். நல்ல மனிதராகத் தெரிகிறார். என்ன செய்வீர்கள்?

பணத்தை வாங்காதீர்கள், சண்டையும் பிடிக்காதீர்கள். விபரங்களை மாற்றிக்கொள்ளுங்கள். அவருடைய அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை, இலக்கத் தகடு, இரு கார்களின் சேதம், சந்தியின் தோற்றம் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். பார்த்தவர் எவரேனும் நின்றால் அவர் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். "கராஜில் காட்டிவிட்டு உங்களுக்கு அழைக்கிறேன்" என்று சொல்லுங்கள். வீதியில் பத்து நிமிடத்தில் தீர்மானம் எடுக்கவேண்டிய அவசியம் எதுவுமில்லை.

இனி, இடித்தவர் நீங்களே என்று வைத்துக்கொள்வோம். உங்கள் காப்புறுதியில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது: நீங்களாகப் பொறுப்பை ஏற்றுக் கணக்கைத் தீர்த்தால் அது உங்கள் சொந்தச் செலவில் மட்டுமே. முந்நூறைக் கொடுத்து எழுத்தில் எதுவும் வாங்காமல் வந்தபின், அவர் இரண்டு கிழமை கழித்து மூவாயிரம் டொலர் பட்டியலுடன், கழுத்து நோ என்று சொல்லிக்கொண்டு வந்தால், நிறுவனத்துக்கு அப்போதுதான் முதன்முதலாகச் செய்தி போகும். பிந்திச் சொன்ன கதையை யார் எளிதில் நம்புவார்?

(ஆ) திருவிழா நாள். கோயில் வாகனத் தரிப்பிடம். ஓர் அன்பர் தரித்த இடத்திலிருந்து காரை எடுக்கும்போது வரிசையில் வந்த இன்னொரு அன்பரின் கார்க் கதவு நசுங்கியது. இருவரும் தெரிந்தவர்கள். "அண்ணை, நமக்குள் என்ன பொலிஸும் காப்புறுதியும்" என்று பேச்சு முடிகிறது. ஒரு மாதம் கழித்துத் திருத்தச் செலவு இரட்டிப்பாகிறது. அதன்பின் இரு குடும்பமும் ஒரே வரிசையில் நின்று பிரசாதம் வாங்குவதில்லை.

தனியார் நிலமாயினும் காப்புறுதி அங்கும் உண்டு. பிழை பற்றிய ஒழுங்குவிதிகளில் வாகனத் தரிப்பிடங்களுக்கெனத் தனி விதியே இருக்கிறது: தரித்த இடத்திலிருந்து வெளியே எடுப்பவர், ஓடுபாதையில் வருபவருக்கு வழிவிடாவிட்டால் அவர்மேல் 100 வீதம் பிழை. தெரிந்தவர்களுக்கிடையில்தான் எழுத்து இன்னும் அவசியம். கராஜின் எழுத்து மதிப்பீடு, கொடுத்த தொகை, "இவ்விபத்துச் சேதம் தொடர்பாக முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்ற ஒப்பம், திகதி - இவை நான்கும் இருந்தால் நட்பும் நிலைக்கும்.

(இ) பின் ஆசனத்தில் அம்மம்மா. ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்தவர். இடி சிறிது, "எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போவோம்" என்கிறார். மறுநாட் காலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. "பிள்ளைக்குக் கரைச்சல் வேண்டாம்" என்று மூன்று நாட்கள் சொல்லாமல் இருக்கிறார்.

கழுத்துத் தசைப்பிடிப்பு பெரும்பாலும் சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்துத்தான் தெரியவரும். ஒன்ராறியோவில் விபத்துக்கான மருத்துவ, புனர்வாழ்வு உதவி, யார்மேல் பிழை என்று பாராமல் கிடைப்பது. தம் பெயரில் கார்க் காப்புறுதி இல்லாத பயணியும், வருகையாளராக வந்தவரும், தாம் இருந்த காரின் காப்புறுதியிலிருந்தே இதனைக் கேட்கலாம். இதற்கும் 7 நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். அனுப்பப்படும் விண்ணப்பப் படிவத்தை 30 நாட்களுக்குள் நிரப்பிக் கொடுக்கவேண்டும். நாம் மூடி மறைத்த விபத்தில் வைத்திய உதவியை இழப்பவர் நம் வீட்டு முதியவராக இருக்கக்கூடும். காயம் கடுமையானால், அல்லது வழக்கு என்று வந்தால், தாமதியாமல் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

5. "மன்னிக்கவும்" சொல்லலாமா?

சொல்லலாம். 2009இல் ஒன்ராறியோ மன்னிப்புக் கோரல் பற்றி ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி குடியியல் வழக்கில் ஒருவர் வருத்தம் தெரிவித்ததைப் பிழையை ஒப்புக்கொண்டதாக எடுக்கமாட்டார்கள். அதனால் காப்புறுதியும் பறிபோகாது. போக்குவரத்துக் குற்ற விசாரணைக்கு இப்பாதுகாப்பு இல்லை. ஆகவே பதறி நிற்பவரிடம் அன்பாக நாலு வார்த்தை பேசுங்கள். ஆனால் "முழுப் பிழையும் என்னுடையது" என்று கடதாசியில் எழுதிக் கையொப்பம் இடாதீர்கள்.

ஆங்கிலம் தடுமாறுபவர்கள் அன்றிரவே நடந்ததைத் தமிழில் எழுதி வையுங்கள்: நேரம், இடம், எந்தத் திசை, என்ன வேகம், யார் என்ன சொன்னார். மறுநாள் ஆங்கிலம் தெரிந்த வளர்ந்தவர் ஒருவருடன் சென்று அதைப் பார்த்துச் சொல்லுங்கள். அவசரத்தில் கிடைத்த ஆங்கிலச் சொல்லைப் போட்டுச் சொன்ன அறிக்கை, பின்னர் திருத்தக் கடினம்.

6. நம் கையில் உள்ள தீர்மானம்

எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நாம் சுயமாகத் தீர்மானிக்கக்கூடிய இடம் மிகச் சிறியது. காயமில்லை, பொதுச் சொத்துக்குச் சேதமில்லை, மதிப்பீடு எல்லைக்குக் கீழே, இரு தரப்புக்கும் சம்மதம், எவரும் நட்டஈடு கேட்கவில்லை - இவை ஐந்தும் பொருந்தினால் மட்டுமே "விடுவதா" என்ற கேள்வியே எழும். அப்போதும் காப்புறுதி முகவருக்குத் தகவலாகச் சொல்லி வைப்பதே பாதுகாப்பு. பதிவில் ஒரு குறிப்பு விழலாம். எதிர்த் தரப்பு மனம் மாறி வந்தால் அந்தக் குறிப்பே உங்களுக்குச் சாட்சி.

பெற்றோருக்கு ஒரு சொல். அப்பாவின் காரை எடுத்துச் சென்ற பதினெட்டு வயதுப் பிள்ளை எங்கேயோ இடித்துவிட்டால், அப்பிள்ளைக்குப் பொலிஸைவிட அப்பாவில்தான் பயம். அந்தப் பயத்திலேதான் நில்லாமல் ஓடுவதும், நண்பனிடம் கடன் வாங்கிக் காசு கொடுப்பதும் நடக்கின்றன. காரின் காப்புறுதி உங்கள் பெயரில். பிள்ளை மறைத்ததற்கு விடை சொல்லவேண்டியவரும் நீங்கள். கார்ச் சாவியைக் கொடுக்கும் அன்றே, "இடித்தால் முதலில் எனக்கு அழை, ஏச்சு இருந்தால் பிறகு பார்ப்போம்" என்று சொல்லி வையுங்கள்.

கலந்துரையாட

1. உங்கள் காப்புறுதி அட்டை இப்போது காரில் இருக்கிறதா? அதன் காலம் முடிந்துவிட்டதா?
2. மேலே (ஆ) உதாரணத்தில், கதவு நசுங்கியவர் நீங்களானால் முதலில் என்ன கேட்பீர்கள்?
3. இளவரசன் நேரே தந்தையிடம் சென்றிருந்தால் எப்படிச் சொல்லியிருக்கலாம்? பிள்ளைகள் தம் சொற்களில் சொல்லிக் காட்டட்டும். பெற்றோர் இடையில் குறுக்கிடாமல் கேட்கட்டும்.