எஸ்.ஏ.பி. உள்ளே விட மறுக்கிறதா?

1. பாஸ்வேர்டைச் சந்தேகிக்கும் முன் கிளையன்ட் எண்ணைப் பாருங்கள். அங்கே வேறொரு கிளையன்ட்டின் எண் இருந்தாலும் ‘பெயரோ பாஸ்வேர்டோ தவறு’ என்று திரை சொல்லக்கூடும்.

2. கேப்ஸ் லாக்கை அணையுங்கள். பாஸ்வேர்டில் பெரிய, சிறிய எழுத்து வித்தியாசம் உண்டு.

3. மூன்று முறை தவறினால் நிறுத்திவிடுங்கள். பொதுவாக 5 தவறுகளில் கணக்கு பூட்டிக்கொள்ளும். அப்புறம் அட்மினைத்தான் கெஞ்ச வேண்டும்.

4. உள்ளே போனபின் ‘அனுமதி இல்லை’ என்று வந்தால், வேறெதையும் தொடாமல் எஸ்யூ53 திரையைத் திறந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அட்மினுக்கு அனுப்புங்கள். எந்த அனுமதி குறைகிறது என்பது அதிலேயே இருக்கும். ‘ஓபன் ஆகல சார்’ என்ற மெயிலால் யாருக்கும் பயனில்லை.

5. உள்ளே போயும் தேடும் சப்ளையர் சிக்கவில்லையா? எஃப்4 அழுத்தி *ஸ்டீல்* என இருபுறமும் நட்சத்திரக் குறி போடுங்கள். பெயரின் நடுவில் இருந்தாலும் அகப்படும். பட்டியல் சரியாக 500-இல் நின்றால் அது வரம்பு. ஊரையும் சேர்த்துத் தேடுங்கள்.