முட்டியிலிட்ட சுண்ணாம்பு
இரசாயன மாணாக்கர்க்கு ஒரு பாடம்

யூபிலி மலருக்கு இரசாயனவியற் கட்டுரையொன்று வேண்டுமெனப் பத்திராதிபர் கேட்டபோது, எதனைப்பற்றி எழுதுவதென நெடுநேரம் எண்ணினோம். பழைய மாணவருட் பலர் கல்லூரியை விட்டபின் சூத்திரங்களையுஞ் சமன்பாடுகளையும் முற்றாக மறந்திருப்பர். இன்று வகுப்பிலிருக்கும் மாணாக்கரோ பரீட்சை முடியும்வரையேனும் அவற்றை மறவாதிருக்க முயல்பவர். இவ்விரு திறத்தார்க்கும் பொதுவாக விளங்கக்கூடிய பொருள் யாதெனத் தேடியவிடத்து, யாழ்ப்பாணத்துப் பனங்கூடலிலே பாளையிற் கட்டப்படும் முட்டி எம் நினைவுக்கு வந்தது.

அம்முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவாது கட்டினால், மறுநாட் காலையில் இறக்கப்படுவது கள்ளு. தடவிக் கட்டினால் இறக்கப்படுவது கருப்பணி. தமிழகத்தார் இதனைப் பதநீர் என்பர். மரமும் ஒன்றே, பாளையும் ஒன்றே, இரவும் ஒன்றே. வேறுபாடு ஒரு விரற்கடைச் சுண்ணாம்பினால் வந்தது. இவ்வேறுபாட்டை முற்றாக விளக்கப் புகுவோர், பாடநூலிலே வெவ்வேறு அத்தியாயங்களிற் கிடக்கும் மூன்று பகுதிகளை ஒருங்கு சேர்த்தல் வேண்டும்: வெப்பவியக்கவியல், அமிலங்களும் மூலங்களும், சேதனத் தாக்கங்கள் என்பன அவை.

மாணவப் பருவத்திலே நாம் செய்த பிழையொன்றை முதலிற் கூறிவிடுகின்றோம். ‘தாக்கமொன்று நிகழுமா என்பதை எங்ஙனம் அறிவாய்?’ என்ற வினாவுக்கு, ‘வெப்பத்தை வெளிவிடுந் தாக்கங்கள் விரைவாக நிகழும்’ என எழுதினோம். ஆசிரியர் அவ்வரியின்கீழ்ச் சிவப்புக் கோடிட்டு, ‘உன் வீட்டுச் சீனிப்போத்தல் இன்னும் எரியவில்லையா?’ என்று மட்டும் எழுதித் திருப்பித்தந்தார். புள்ளியும் இல்லை, விளக்கமும் இல்லை. அவ்வொரு வாக்கியத்தின் பொருளை நாம் முற்றாக உணரச் சில ஆண்டுகள் சென்றன. இன்றும் விடைத்தாள்களிலே அதே பிழையைக் காண்கின்றோம். ஆதலின் அதனையே இக்கட்டுரையின் நடுப்பொருளாகக் கொண்டோம்.

சுண்ணாம்பிலிருந்து தொடங்குவாம். முருகைக்கல்லும் சிப்பியும் பெரும்பாலுங் கல்சியங்காபனேற்றாலானவை. அவற்றைச் சூளையிலிட்டு எரிக்குங்கால் காபனீரொட்சைட்டு வாயு நீங்க, கல்சியமொட்சைட்டாகிய சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். ஒரு மூல் கல்சியங்காபனேற்று, அதாவது 100 கிராம், இவ்வாறு பிரிவதற்கு ஏறத்தாழ 178 கிலோயூல் வெப்பத்தை உறிஞ்சுகின்றது. வெப்பத்தை உறிஞ்சுந் தாக்கம் எங்ஙனம் தானே நிகழும்? வாயுவொன்று பிறத்தலினாலே ஒழுங்கின்மை பெருகுகின்றது. இவ்வொழுங்கின்மையின் அளவே எந்திரப்பி எனப்படும். அமெரிக்க அறிஞரான கிப்சு 1876ஆம் ஆண்டு முதல் 1878ஆம் ஆண்டு வரை வெளியிட்ட ஆராய்ச்சியிலே இவ்விரண்டையும் ஒரே தராசில் இட்டார். வெப்பவுள்ளுறை மாற்றத்திலிருந்து, தனிவெப்பநிலையை எந்திரப்பி மாற்றத்தாற் பெருக்கிவந்த தொகையைக் கழிக்க. எஞ்சுவது சுயாதீனச்சத்தி மாற்றம். அது மறையாயின் தாக்கம் நிகழக்கூடியது, நேராயின் நிகழாது.

சூளையின் எந்திரப்பி மாற்றம் ஒரு மூலுக்கு, ஒரு பாகைக்கு, ஏறத்தாழ 160 யூல். 1,78,000ஐ 160ஆல் வகுக்க வருவது ஏறத்தாழ 1,110. அதனைச் செல்சியசு அளவிற்கு மாற்றின் 840 பாகையளவில் வரும். அவ்வெப்பநிலைக்குக் கீழே கல் கல்லாகவே இருக்கும். அதற்கு மேலேயே முற்றாகச் சுண்ணாம்பாகும். சூளைக்காரர் கிப்சின் பெயரைக் கேட்டறியார். ஆயினும் தணலின் நிறத்தைப் பார்த்து அவ்வெல்லையைக் கண்டுகொண்டனர்.

சுட்ட சுண்ணாம்பின்மேல் நீர் தெளித்தால் அது சீறிப் பொங்கி நீறுவதை எல்லாருங் கண்டிருப்பீர்கள். அப்பொழுது மூலொன்றுக்கு ஏறத்தாழ 65 கிலோயூல் வெளிவருகின்றது. சூளை கொடுத்த வெப்பத்தில் ஒரு பங்கு இங்ஙனம் மீளுகின்றது. மற்றப் பங்கு எப்பொழுது மீளும் என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

நீறிய சுண்ணாம்பு கல்சியமைதரொட்சைட்டு என்னும் மூலம். நீரிற் கரைந்து ஐதரசனயனைத் தருவது அமிலமென்றும், ஐதரொட்சிலயனைத் தருவது மூலமென்றும் கொள்ளுங் கொள்கை, சுவீடன் தேசத்து அரீனியசு 1884இலே தமது பட்டத்திற்காகச் சமர்ப்பித்த ஆய்வினின்று வளர்ந்தது. அவ்வாய்வுக்கு அவருடைய பல்கலைக்கழகம் தாழ்ந்த தரமே வழங்கிற்று. 1903இல் அவர்க்கு நோபெற் பரிசு கிடைத்தது. குறைந்த புள்ளி பெற்று வாடியிருக்கும் எம் மாணாக்கர் இதனை அறிந்து வைத்திருத்தல் நன்று. 1923இல் பிரோன்செட்டு, லௌரி என்னும் இருவர், தனித்தனியே, அமிலமாவது புரோத்தனை வழங்குவது, மூலமாவது அதனை ஏற்பது எனக் கொள்கையை விரித்தனர்.

கரைசலின் அமிலத்தன்மையை அளக்க நாம் வழங்கும் பீ.எச். அளவை சோரன்சன் 1909இல் வகுத்தார். அவர் பணிபுரிந்த இடம் கோப்பனேகனில் உள்ள கார்ல்சுபேக்கு ஆய்வுகூடம். மதுபானம் வடிக்குந் தாபனமொன்றினால் நிறுவப்பட்டது. நொதியங்கள் அமிலத்தன்மைக்கேற்ப எங்ஙனம் தொழிற்படுகின்றன என்பதை ஆராயும்போதே அவர்க்கு இவ்வளவை தேவைப்பட்டது. ஆகவே நாம் முட்டியையும் பீ.எச்.ஐயும் ஓரிடத்தில் வைத்துப் பேசுவது வலிந்து செய்யும் இணைப்பன்று.

பாளையிலிருந்து சொட்டும் புதிய சாறு ஏறத்தாழ நடுநிலையானது, பீ.எச். 7இற்கு அணித்தாக இருக்கும். நிரம்பிய சுண்ணாம்பு நீரின் பீ.எச். 25 பாகையில் 12.4. இவ்வளவையில் ஒரு படி ஏறினால் ஐதரசனயன் பத்திலொன்றாகக் குறையும் என்பதை மறத்தலாகாது. ஐந்து படியென்பது இலட்சத்திலொரு பங்கு. சுண்ணாம்பு தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும்: இலீற்றரொன்றில் ஏறத்தாழ 1.7 கிராம். இக்குறைபாடே முட்டிக்கு நன்மையாகின்றது. கரையாத சுண்ணாம்பு சுவரில் ஒட்டியிருந்து, கரைந்த பங்கு அமிலத்தாற் செலவாகுந்தோறும், சிறிது சிறிதாகக் கரைந்து அவ்விடத்தை நிரப்பும். இராமுழுவதுங் காவல் நிற்பது அவ்வொட்டிய சுண்ணாம்பே. சீனி கலந்த நீரிற் சுண்ணாம்பு வெறுநீரிலும் பார்க்கக் கூடுதலாகக் கரையும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

இனிச் சாற்றினுட் புகுவோம். அதில் நூற்றுக்குப் பத்து முதற் பன்னிரண்டு பங்கு வரை சுக்குரோசு உண்டு. அமிலம் சிறிது இருப்பின், சுக்குரோசு மூலக்கூறொன்று நீர் மூலக்கூறொன்றை ஏற்றுக் குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் பிளவுபடும். இத்தாக்கத்தில் அமிலம் செலவாவதில்லை. ஊக்கியாக நின்று வேகத்தைக் கூட்டுகின்றது. வில்கெல்மி என்னும் செருமானியர் 1850இலே, இப்பிளவு எவ்வேகத்தில் நடைபெறுகின்றது என்பதை முனைவுபெற்ற ஒளி திரும்புங் கோணத்தைக்கொண்டு அளந்தார். தாக்கவீதம் என்னுங் கலை அங்கே தொடங்குகின்றது எனலாம். வெப்பநிலை ஏற வேகம் ஏன் இவ்வளவு விரைவாகக் கூடுகின்றது என 1889இல் ஆராய்ந்த அரீனியசும் இதே சீனிப்பிளவை எடுத்துக்காட்டாகக் கொண்டார். தாக்குமுன் மூலக்கூறுகள் கடக்கவேண்டிய ஒரு மேடு உண்டு, அம்மேட்டின் உயரமே ஏவற்சத்தி என்பது அவ்வாராய்ச்சியின் பயன்.

அடுத்தது நொதித்தல். குளுக்கோசு மூலக்கூறொன்று எதைல் அற்ககோல் மூலக்கூறு இரண்டாகவும் காபனீரொட்சைட்டு மூலக்கூறு இரண்டாகவும் பிரிகின்றது. இதில் வெளிவரும் வெப்பம் எவ்வளவு? நொதிக்கும் முட்டியில் வெப்பமானியை வைத்து இதனைச் செம்மையாக அளப்பது கடினம். ஆனால் ஹெஸ் என்பார் 1840இற் கூறிய விதி எமக்கு உதவும்: எவ்வழியிற் சென்றாலும், தொடக்கமும் முடிவும் ஒன்றாயின் மொத்த வெப்பமும் ஒன்றே. ஒரு மூல் குளுக்கோசை முற்றாக எரிக்க 2,803 கிலோயூல் வெளிவரும். ஒரு மூல் அற்ககோலை எரிக்க 1,367. இரண்டு மூலுக்கு 2,734. முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க 69. அவ்வளவே நொதித்தலின் வெப்பம். சீனியின் எரிசத்தியில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கிற்குமேல் அற்ககோலிலே தங்கிவிடுகின்றது. கள்ளை வடித்தெடுத்த சாராயம் தீப்பற்றுவதன் காரணம் அதுவே.

சுயாதீனச்சத்தி மாற்றமோ 69 அன்று. ஏறத்தாழ 228 கிலோயூல் குறைவு. மீதி 159 எங்கிருந்து வந்தது? ஒரு மூலக்கூறு நான்காகி, அவற்றுள் இரண்டு வாயுவாகப் பறந்தமையால் வந்த எந்திரப்பியின் பங்கு அது. வெப்பத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன எமது பழைய விடை, இங்கே மூன்றிலொரு பங்கினையேனுங் கண்டிலது.

இத்துணைச் சாய்வு இருந்தும் குளுக்கோசுப் போத்தல் பல்லாண்டுகள் நொதியாது கிடக்கின்றது. காற்று நிறைந்த அறையிலே சீனி எரியாதும் இருக்கின்றது. வழி சரிவாயினும் முன்னே மேடுண்டு. அம்மேட்டைத் தாழ்த்திக் கொடுப்பன மதுவத்தின் நொதியங்கள். நொதித்தலுக்கு உயிர்க்கலமே வேண்டுமென்று பாச்சர் காலத்திற் கருதினர். 1897இல் புக்னர், மதுவத்தை அரைத்துப் பிழிந்து, கலமற்ற சாற்றினாற் சீனியை நொதிக்கச் செய்து காட்டினார். இதற்காக 1907இல் நோபெற் பரிசு பெற்றார். 1828இலே உவோலர் யூரியாவைச் சோதனைச்சாலையில் ஆக்கியதனாற் சேதனப் பொருளுக்கும் அசேதனப் பொருளுக்கும் இடையிலிருந்த மதில் பிளந்ததென்பர். புக்னரின் சாறு அம்மதிலின் மற்றொரு பக்கத்தை வீழ்த்தியது என்பது எமது எண்ணம்.

சுண்ணாம்பு செய்வது யாது என்பதை இப்பொழுது கேட்கலாம். மதுவத்தின் நொதியங்கள் சிறிதளவு அமிலத்தன்மையுள்ள இடத்திலே நன்கு தொழிற்படுவன. சுண்ணாம்பினாற் பீ.எச். உயர, அவை செயலிழக்கின்றன. மேடு மீண்டும் உயர்ந்து நிற்கின்றது. சீனியைப் பிளக்கும் அமில ஊக்கியும் அதனோடு ஒழிகின்றது.

இவ்விடத்தில் மாணாக்கர் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். சுண்ணாம்பு நொதித்தலை ‘நிகழமுடியாததாக’ ஆக்கிற்று எனப் பலர் எழுதுவர். கணக்கோ நேர்மாறாக இருக்கின்றது. நொதித்தலிற் பிறக்குங் காபனீரொட்சைட்டைச் சுண்ணாம்பு பற்றிக் கல்சியங்காபனேற்றாக்கும். அதற்கு மூலொன்றுக்கு ஏறத்தாழ 70 கிலோயூலுக்கு மேற்பட்ட சுயாதீனச்சத்தி இறக்கம் உண்டு. இரண்டு மூல் வாயுவுக்கும் சேர்த்துப் பார்த்தால், சுண்ணாம்புள்ள முட்டியில் நொதித்தலின் சாய்வு 228இலிருந்து 370இற்கு அணித்தாகப் பெருகுகின்றது. அதாவது, சுண்ணாம்பிட்டவர் தாக்கத்தை முன்னிலும் நிகழத்தக்கதாக்கினார். அதே வேளையில் அதனை நிகழாது நிறுத்தியும் வைத்தார். நிகழக்கூடியதா என்னும் வினாவுக்கும் எப்பொழுது நிகழும் என்னும் வினாவுக்கும் விடை வெவ்வேறிடத்தில் உண்டென்பதற்கு இதனிலுஞ் சிறந்த சான்று எமக்குத் தெரியாது. சூளையிற் கொடுத்த வெப்பத்தின் மற்றப் பங்கு மீள்வதும் இக்காபனேற்று உண்டாகும்போதே: 178இல் 65 நீற்றியபோது வந்தது, ஏனைய 113 இங்கே வருகின்றது.

சுண்ணாம்பிடாத கள்ளை மூடாது விட்டால், அசற்றிக்கமிலப் பற்றீரியா காற்றிலுள்ள ஒட்சிசனைக்கொண்டு அற்ககோலை அசற்றிக்கமிலமாக்கும், கிடைப்பது வினாகிரி. இது மென்னமிலம். ஒரு இலீற்றரில் பத்திலொரு மூல் கொண்ட கரைசலில் நூற்றுக்கு ஒன்றேகால் மூலக்கூறளவே அயனாகப் பிரிந்திருக்கும். எனினும் 120 கிராம் அசற்றிக்கமிலத்தை நடுநிலையாக்க 74 கிராம் நீறிய சுண்ணாம்பு வேண்டும்; வன்னமிலமாயினும் மூலுக்கு மூல் இதே அளவுதான். அமிலத்தின் வலிமை வேறு, அதன் அளவு வேறு என்பதை நியமிப்புச் செய்யும்போது மறப்பவர் பலர்.

கருப்பணியைத் தாச்சியிற் காய்ச்சுவோர்க்கும் இப்பாடம் பயன்படும். சுண்ணாம்பு குறைந்திருப்பின், கொதிக்குஞ் சூட்டிலே எஞ்சிய அமிலம் சுக்குரோசை விரைந்து பிளக்கும். பிளந்த சீனி பளிங்காவதைத் தடுப்பதாற் பனங்கட்டி இறுகாது பிசுபிசுக்கும். சுண்ணாம்பு மிஞ்சினால், பிளந்திருக்குஞ் சிறிதளவு சீனியோடு அது தாக்கிக் கபிலநிறப் பொருள்களை ஆக்கும். கட்டி கறுக்கும், நாவிலுங் காரும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் காட்டியின்றியே, நுனிநாக்கினால் அறிந்த கைகள் எங்கள் ஊர்களில் இருந்தன. சிலவிடங்களில் இன்றும் உள்ளன. அவர்கள் காலமான பின் அவ்வளவை எவர் குறித்து வைப்பர் என்பது எமக்குள்ள கவலை.

மாணாக்கர் செய்துபார்க்க ஒரு பரிசோதனை: ஒரே அளவான இரண்டு போத்தல்களில் இளஞ்சூடான சீனிக்கரைசலும் சிறிது மதுவமும் இடுக. ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி நீறிய சுண்ணாம்பு சேர்க்க. கண்ணிற் படாது காத்துக்கொள்க. இரண்டின் வாயிலும் இறப்பர்ப் பலூனை மாட்டி, மணிக்கொருமுறை பார்த்து எழுதுக. சுண்ணாம்பில்லாத போத்தலின் பலூன் பொங்கும். மற்றையது தளர்ந்தே கிடக்கும். பலூன் தளர்ந்திருத்தற்குக் காரணம் வாயு பிறவாமையோ, பிறந்த வாயுவைச் சுண்ணாம்பு உறிஞ்சினமையோ என்று எவரேனுங் கேட்பின், அதனைப் பிரித்தறிய மூன்றாவது போத்தலொன்றை எங்ஙனம் ஆயத்தஞ் செய்வீர் என்பதை வகுப்பிற் கூடி ஆராய்க.