160 ஏக்கர் இலவசம்!



கோடை விடுமுறைக்கு அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கும் என் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். "நீச்சல் குளமா, மியூசியமா?" என்று சித்தப்பா கேட்டார். நான் நீச்சல் குளம்தான் சொன்னேன். ஆனா கூட்டிட்டுப் போனது மியூசியத்துக்கு!

லிங்கன் நகரத்திலிருந்து தெற்கே காரில் போனோம். பியாட்ரிஸ் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் 'ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா' இருக்கிறது. மியூசியத்தின் கூரை, கலப்பை மண்ணைப் புரட்டுவது போன்ற வடிவம். காரை நிறுத்தியதும் சித்தப்பா சொன்னார்: "பாப்பா, இந்த பார்க்கிங் இடம் சரியா ஒரு ஏக்கர். இதைப்போல 160 மடங்கு நிலத்தை ஒவ்வொருத்தருக்கும் சும்மா கொடுத்தாங்க." எனக்குத் தலை சுத்திப் போச்சு.

நமக்குத் தெரிந்த ஆபிரகாம் லிங்கன்தான் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர். நாள் 1862 மே 20. இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது குடும்பத் தலைவராக இருக்க வேண்டும். திருமணம் ஆகாத பெண்களும், வெளிநாட்டிலிருந்து வந்து குடியுரிமை கேட்டவர்களும்கூட விண்ணப்பிக்கலாம். கட்டணம் மொத்தம் 18 டாலர். வீடு கட்டி, பயிர் செய்து, ஐந்து வருடம் அங்கேயே வாழ்ந்து காட்டினால் பட்டா கைக்கு வரும். சட்டம் நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி 1. அடிமைகளை விடுவித்த லிங்கனின் அறிவிப்பும் அதே நாளில்தான் நடைமுறைக்கு வந்தது! அன்றைக்கே விண்ணப்பித்தவர்களில் ஒருவர் டேனியல் ஃப்ரீமன். அவருடைய நிலம்தான் இந்தப் பூங்கா.

சும்மா கிடைத்ததே, கொடுத்து வைத்தவர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கே 1867-இல் கட்டிய ஒரு மரவீட்டைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். 14 அடிக்கு 16 அடி. நம்ம வகுப்பறையில் பாதிகூட வராது. அதில் அப்பா, அம்மா, பத்துப் பிள்ளைகள்! மரம் கிடைக்காத இடங்களில் புல் வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கி வீடு கட்டினார்களாம். மழை வந்தால் கூரையிலிருந்து சேறு ஒழுகும். வறட்சி, வெட்டுக்கிளி, பனிப்புயல் வேறு. சுமார் 40 லட்சம் பேர் விண்ணப்பித்ததில், பட்டா வாங்கியது 16 லட்சம் பேர்தான். மற்றவர்கள் பாதியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

பக்கத்திலேயே ஒரு செங்கல் பள்ளிக்கூடம். ஒரே அறை, ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும் அதற்குள்ளேயே. 1872 முதல் 1967 வரை நடந்திருக்கிறது. அங்கே பாடவேளையில் பைபிள் வாசிப்பதை எதிர்த்து ஃப்ரீமன் வழக்குப் போட்டார். 1902-இல் மாநில உச்சநீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. (நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். நம்ம பெஞ்சே தேவலை.)

நான் ரொம்ப நேரம் நின்றது வாசலில் இருக்கும் உலோகச் சுவர் முன்னால்தான். இப்படி நிலம் கொடுக்கப்பட்ட 30 மாநிலங்களின் வடிவமும் அதில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் எவ்வளவு நிலம் கொடுத்தார்களோ அந்த அளவுக்குச் சதுரமாக ஓட்டை போட்டிருக்கிறார்கள். நெப்ராஸ்காவின் ஓட்டைதான் பெரிசு, 45 சதவீதம். மொத்தம் 27 கோடி ஏக்கர். அமெரிக்காவில் பத்தில் ஒரு பங்கு.

"இவ்வளவு நிலமும் சும்மாவா கிடந்துச்சு சித்தப்பா?" என்று கேட்டேன். "உள்ளே வா" என்று கூட்டிப் போனார்.

சும்மா கிடக்கவில்லை. அது பழங்குடி மக்களின் நிலம். (நம் பழைய புத்தகங்களில் செவ்விந்தியர் என்று இருக்கும்.) ஒப்பந்தம் என்றும் போர் என்றும் சொல்லி அவர்களிடமிருந்து அரசு வாங்கிய பிறகுதான் அது 'அரசு நிலம்' ஆனது. இந்தப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் ஓட்டோ-மிசூரியா மக்கள். 1854 ஒப்பந்தத்தில் அவர்களை பிக் ப்ளூ ஆற்றோரம் ஒரு துண்டு நிலத்துக்குள் ஒதுக்கினார்கள். 1881-இல் அதையும் விட்டு, இன்றைய ஒக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது ஃப்ரீமன் தன் 160 ஏக்கரில் பயிர் செய்துகொண்டிருந்தார். அந்த மரவீட்டுப் பிள்ளைகள் மேல் பரிதாபப்பட்டேன் அல்லவா, இதைப் படித்ததும் யார் பக்கம் பேசுவது என்றே தெரியவில்லை. இரண்டு பேரும் கஷ்டப்பட்டார்கள்தான். ஆனால் ஒருவருக்குப் பட்டா கிடைத்தது, இன்னொருவருக்கு இருந்த ஊரே போய்விட்டது. இரண்டும் ஒன்றாகாது என்று எனக்குத் தோன்றுகிறது.

நெப்ராஸ்கா என்பதே ஓட்டோ மொழிச் சொல்தான். 'தட்டையான நீர்' என்று அர்த்தம். அகலமாக, ஆழமில்லாமல் ஓடும் பிளாட் ஆற்றுக்கு அவர்கள் வைத்த பெயர். திரும்பி வரும்போது முன்னால் போன கார்களின் நம்பர் பிளேட்டை எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாவற்றிலும் அந்தச் சொல்தான்.

அங்கே கிடைத்த வரைபடத்தை வரலாறு மிஸ்ஸிடம் கொடுத்திருக்கிறேன். வேண்டுகிறவர்கள் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி