கடல் கடந்து கற்றவை

நேமத்தான்பட்டி முதலான செட்டிநாட்டு ஊர்களுக்கு வருகின்ற விருந்தினர் முதலில் வியந்து நோக்குவது இங்குள்ள பெரிய வீடுகளைத்தான். பர்மாத் தேக்கில் கடைந்த தூண்கள், இத்தாலியப் பளிங்குத் தரை, பெல்ஜியம் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டுவோம். இவை யாவும் கடல் கடந்து சென்றவர்கள் கொண்டுவந்த பொருள்கள். ஆனால் அவர்கள் அங்கே கற்றது என்ன, கற்காமல் விட்டது என்ன என்று கேட்போர் மிகச் சிலரே.

இளைஞர் ஒருவர் அயல்நாடு சென்று தொழில் பயில்வது நம் வட்டாரத்துக்குப் புதிய செய்தியன்று. பல தலைமுறைகளாக நடந்து வந்த வழக்கமே அது. அந்தப் பழைய வழக்கத்தையும், அதிலிருந்து வேறுபட்ட பாதையில் சென்ற ஏ. கே. செட்டியாரின் பயணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், இன்று வெளிநாட்டுப் பயிற்சிக்குப் புறப்படும் மாணவர்க்கு ஒரு பாடம் கிடைக்கும். தொழிலை மட்டும் கற்று, அந்நாட்டு மக்களை அறியாமல் திரும்புகின்றவர் பாதிப் படிப்போடுதான் திரும்புகிறார் என்பதே அது.

பெட்டியடியில் தொடங்கிய படிப்பு

1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ்ப் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காடு திருத்தி வயலாக்க உழவர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. அதனைக் கடனாகக் கொடுத்தவர்களுள் முதலிடம் பெற்றவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். 1930ஆம் ஆண்டளவில் பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன என்றும், அவற்றில் புரண்ட பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் அக்காலத்து வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது.

இக்கடைகளுக்கு வேண்டிய ஆட்களை உருவாக்க எந்தக் கல்லூரியும் இல்லை. கடையே கல்லூரி. பதின்வயதுச் சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். பணப்பெட்டியின் அருகில் அமர்ந்து ஏவல் செய்வதும், பெரியவர்கள் கணக்கு எழுதுவதைப் பார்ப்பதும் அவன் வேலை. தேறியபின் அடுத்தாள் ஆவான். பிறகு கடை முழுவதையும் பொறுப்பேற்று நடத்தும் ஏஜெண்டாக உயர்வான். பெரும்பாலும் மூன்றாண்டு ஒரு தவணை. தவணை முடிந்தால் ஊர் திரும்புவான். சில காலம் கழித்து மீண்டும் கப்பலேறுவான்.

கப்பலேறும் முன்னரே அவனுக்கு எண்சுவடி மனப்பாடமாகியிருக்கும். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒரு பங்கு, மா என்றால் 20இல் ஒரு பங்கு. இந்தப் பின்னங்களை நாவிலேயே பெருக்கிக் கழிக்கப் பழகியிருப்பான். வட்டிக் கணக்கின் தன்மையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 100 ரூபாய்க்கு மாதம் 14 அணா வட்டி. 350 ரூபாய்க்கு ஒன்றரை மாதத்துக்கு எவ்வளவு? ஒரு மாதத்துக்கு 49 அணா. ஒன்றரை மாதத்துக்கு 73 அணா 6 பை. அதாவது 4 ரூபாய் 9 அணா 6 பை. இதனைத் தாளும் பென்சிலும் இன்றிச் சொல்லத் தெரியாதவன் அடுத்தாள் ஆக முடியாது.

தங்கும் இடமும் தொழில் செய்யும் இடமும் ஒன்றே. கிட்டங்கி எனப்படும் நீண்ட கூடத்தில் பல கடைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டகம், சில பாய்கள். பகலில் கணக்கு, இரவில் அங்கேயே உறக்கம். அருகில் தண்டாயுதபாணி கோவில். உணவு, வழிபாடு, பேச்சு யாவும் ஊரில் உள்ளபடியே. தொழில்முறைப் பயிற்சி என்ற அளவில் இதற்கு இணையான ஏற்பாட்டை வேறு எங்கும் காண்பது அரிது.

பேரேட்டில் ஏறாத செய்தி

ஆனால் இந்தச் சிறப்பான பயிற்சியில் ஒரு குறையும் இருந்தது. கிட்டங்கிக்கு வெளியே இருந்த நாட்டைப் பற்றி அது கற்றுக் கொடுத்தது தொழிலுக்கு வேண்டிய அளவு மட்டுமே. கடன் கொடுக்கவும் வசூலிக்கவும் தேவையான பர்மியச் சொற்களை இளைஞன் கற்றான். கடன் வாங்கியவனின் வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது பேரேட்டில் ஏறவில்லை.

1930ஐ ஒட்டி உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை வீழ்ந்தது. உழவரால் கடனைத் திருப்ப முடியவில்லை. ஈடு வைத்த நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1937-38இல் ஏறத்தாழ 25 பங்காயிற்று. நிலம் வாங்க வேண்டும் என்று நகரத்தார் சென்றவர்கள் அல்லர். அவர்களுக்கு வேண்டியது பணமே. பணத்துக்குப் பதில் நிலம் வந்தது. எனினும் நிலமிழந்த உழவனின் கண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியுமா? கசப்பு வளர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது இந்தியர் பல்லாயிரவர் கால்நடையாகவே வெளியேறினர். பர்மா விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டமும் வந்தது.

இழப்புக்குக் காரணங்கள் பல. விலை வீழ்ச்சியையும் போரையும் தடுக்க ஒரு கடைக்காரரால் இயலாது. ஆயினும், கணக்கில் அத்துணைத் தேர்ச்சி பெற்ற ஒரு கூட்டம், தன்னைச் சுற்றியிருந்த மக்களின் மனநிலையைக் கணிக்கும் பயிற்சியைத் தன் பிள்ளைகளுக்கு அளிக்கவில்லை என்பதை மறுக்க முடியாது.

கோட்டையூர் இளைஞர்

இதே சூழலில் 1911ஆம் ஆண்டு, காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்தவர் ஏ. கே. செட்டியார். அவரும் பர்மா சென்றார். ஆனால் பெட்டியடியில் அமரவில்லை. இரங்கூனில் வெளிவந்த ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். கடைகளின் நடுவே இருந்துகொண்டே எழுத்தைத் தொழிலாகக் கொண்டார்.

1930களில் அவர் ஒளிப்படக் கலை பயில ஜப்பானுக்குச் சென்றார். அந்த நாளில் வெளிநாட்டுப் படிப்பு என்றால் இலண்டன் சென்று பாரிஸ்டர் ஆவது அல்லது ஐ.சி.எஸ். தேர்வு எழுதுவது என்பதே பொது எண்ணம். கேமராவைக் கற்க டோக்கியோ செல்வது புதுமை. ஆனால் காரணமற்ற புதுமையன்று. ஜப்பானில் ஒளிப்படத் தொழில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. பியூஜி பிலிம் நிறுவனம் 1934இல்தான் தொடங்கப்பெற்றது. டோக்கியோவில் பயின்ற பின் அவர் அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் ஒளிப்படக் கல்வி நிலையத்தில் பயிற்சி பெற்றார்.

கருவியைக் கற்கப் போனவர் மக்களையும் கற்றார் என்பதே அவருடைய தனிச்சிறப்பு. ஜப்பானியரின் வாழ்க்கையைப் பற்றித் தமிழில் கட்டுரைகள் எழுதினார், அவை நூலாயின. பிற்காலத்தில் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, கரிபியன் தீவுகள் எனப் பயணம் விரிந்தது. தமிழில் பயண இலக்கியத்துக்கு முன்னோடி என்று அவரை இன்று போற்றுகிறோம். சிறு சிறு வாக்கியங்கள். தம்மை முன்னிறுத்தாத நடை. தாம் கண்ட மனிதரைப் பற்றியே பேச்சு. கேமராவின் பின்னால் நிற்பவன் படத்தில் தோன்றுவதில்லை. அந்த ஒழுங்கை அவர் எழுத்திலும் கடைப்பிடித்தார்.

சுருளும் பயணமும்

1937 அக்டோபர் 2. அமெரிக்காவிலிருந்து அயர்லாந்து செல்லும் கப்பலில் இருந்தபோது, காந்தியடிகளின் வாழ்க்கையை ஆவணப் படமாக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு வயது 25 தான். உலகெங்கும் பலர் பல காலத்தில் எடுத்து வைத்திருந்த காந்தியடிகளின் படச்சுருள்களைத் தேடி, பல நாடுகளில் நெடும் பயணம் செய்தார். திரட்டியது 50,000 அடி. இறுதிப் படம் 12,000 அடி. 1940 ஆகஸ்டில் அது சென்னையில் திரையிடப்பட்டது. 1953இல் அதன் ஆங்கில வடிவம் அமெரிக்காவில் வெளிவந்தது.

இந்த அடிக்கணக்கின் பொருளை நாம் உணர வேண்டும். 35 மில்லிமீட்டர் பேசும் படத்தில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள். நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஆகவே ஒரு நிமிடத்துக்கு 90 அடி. 50,000 அடி என்பது ஒன்பது மணி நேரத்துக்கும் மேல்; 12,000 அடி என்பது இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நான்கில் மூன்று பங்கைக் கழித்திருக்கிறார். மேலும் பழைய மௌனப் படங்கள் பல நொடிக்கு 16 சட்டங்கள் என்ற அளவில் எடுக்கப்பட்டவை. அவற்றைப் பேசும் படக் கருவியில் அப்படியே ஓட்டினால் மனிதர்கள் துள்ளி ஓடுவதுபோல் தோன்றும். இரண்டு சட்டங்களுக்கு ஒன்றை மீண்டும் அச்சிட்டுச் சேர்த்தால்தான் நடை இயல்பாகும். போதாக்குறைக்கு, அக்காலத்து நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றக் கூடியது. இவற்றையெல்லாம் அறியாத ஒருவர் இப்பணியில் இறங்கியிருக்க முடியாது. ஆனால் இவற்றை மட்டும் அறிந்த ஒருவர் எவரிடம் எந்தச் சுருள் இருக்கிறது, அதை எப்படிக் கேட்டுப் பெறுவது என்று அறிந்திருக்க மாட்டார். அந்த வேலைக்குப் பல நாட்டு மனிதரோடு பழகத் தெரிந்த மனம் வேண்டும். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் அவர் பெற்ற இருவகைக் கல்வியும் இந்தப் படத்தில் ஒன்று சேர்ந்தன.

அதே கோட்டையூரில் 1909இல் பிறந்த வள்ளல் அழகப்பரையும் இங்கு நினைக்க வேண்டும். இலண்டனில் வங்கிப் பயிற்சி பெற்று, பாரிஸ்டராகி, விமானம் ஓட்டவும் கற்றவர் அவர். அயல்நாட்டில் அவர் கண்ட கல்விச் செழிப்பின் நிழலை 1947 முதல் காரைக்குடியில் எழுந்த கல்வி நிலையங்களில் காணலாம். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கு அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். இவ்விருவரும் ஊருக்குக் கொண்டுவந்தவை எந்தச் சுங்கச் சாவடியிலும் எடை போட முடியாதவை.

இன்று புறப்படுவோர்க்கு

நம் வட்டாரத்து இளைஞர்கள் இன்றும் புறப்படுகிறார்கள். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள், ஜப்பான் என இடங்கள் பல. ஜப்பான் 1993இல் தொடங்கிய தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தில் இந்தியாவும் 2017ஆம் ஆண்டு உடன்படிக்கை வழியாகச் சேர்ந்தது. அதிலும் பலருக்கு மூன்றாண்டே தவணை! பயிற்சிக்கு வந்தவர்கள் ஒரே நிறுவனத்தில் கட்டுண்டு, தொழிற்கூடத்துக்கும் விடுதிக்கும் இடையே மட்டும் நடந்து திரும்புகிறார்கள் என்ற குறை அங்கேயே எழுந்தது. அதனால் அத்திட்டத்துக்கு மாற்றாக வேறொன்றைக் கொண்டுவர 2024இல் சட்டம் இயற்றினர். தொழிலாளர் விடுதி இன்றைய கிட்டங்கி என்றால் மிகையாகாது.

வீட்டுக் கடனைச் சுமந்து செல்பவரிடம் ஊர் சுற்றிப் பார் என்று சொல்வது எளிது. அவருக்கு அது எளிதன்று என்பதை நான் மறக்கவில்லை. பெட்டியடிப் பையனுக்கும் ஓய்வு இருந்ததில்லை. ஆயினும் பெரும் செலவில்லாமல் செய்யக் கூடியவை சில உண்டு. புறப்படும் முன்னரே அந்நாட்டு மொழியை ஓரளவு கற்பது ஒன்று. வேலைக்கு வேண்டிய சொற்களோடு, நலம் விசாரிக்கும் சொற்களையும் கற்க வேண்டும். நாள்தோறும் பத்து வரியேனும் கண்டதை எழுதி வைப்பது மற்றொன்று. விடுமுறையில் ஒருநாளாவது அந்நாட்டவர் வீட்டில் உணவருந்துவது மூன்றாவது.

கல்லூரிக்கும் ஒரு கடமை உண்டு. பயிற்சிக்கோ வேலைக்கோ சென்று திரும்பும் முன்னாள் மாணவர்களை அழைத்து, அவர்கள் கண்டதை இந்த ஆண்டு மலரில் எழுதச் செய்யலாம். அத்தோடு நம் வீடுகளின் பரணிலும் பெட்டகத்திலும் இரங்கூன், பினாங்கு, சைகோன் முத்திரையோடு கடிதங்களும் கணக்கேடுகளும் இன்னும் கிடக்கின்றன. வீடுகள் இடிபடும்போது தூண்களும் கதவுகளும் விலைக்குப் போகின்றன. தாள்கள் எடைக்குப் போகின்றன. வரலாறும் வணிகவியலும் பயிலும் மாணவர்கள் இவ்விடுமுறையிலேயே தத்தம் ஊரில் ஒரு பெட்டகத்தையாவது உரியவரின் இசைவோடு திறந்து, உள்ளதைப் பட்டியலிட்டு வர வேண்டுகிறேன். அவற்றைப் படிக்கத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கும் காலம் நீண்டதன்று.